இன்மையும் போதாமையும்: சொற்களின் எடை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் தாயில்பட்டியில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நிறைவு விழாவில் இல்லாமையைப் பற்றிய உரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். மழையை நம்பிய கரிசல் மண்ணில் இவ்வினாவுக்கு நெடிய விடை வேண்டுவதில்லை. களஞ்சியம் நிறைந்த ஆண்டிலும் வரவிருக்கும் வறண்ட ஆண்டுக்கென விதைத் தானியத்தை ஒதுக்கி வைத்தவர்கள் இம்மண்ணின் மக்கள். நிறைவு நாளில் குறைவை எண்ணுதல் அவர்கள் வழக்கமே.

இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஆங்கிலத்தில் 'டியர்த்', 'ஃபேமின்', 'ஸ்கேர்சிட்டி', 'ஷார்ட்டேஜ்', 'இன்சஃபிசியன்சி', 'வாண்ட்' எனப் பல சொற்கள் உள்ளன. இவை அனைத்தையும் 'பற்றாக்குறை' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடும் பழக்கம் செய்தித்தாள்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் வேரூன்றிவிட்டது. மழை இல்லையென்றாலும் பற்றாக்குறை. அரிசி விலை ஏறினாலும் பற்றாக்குறை. ஆசிரியர் இல்லையென்றாலும் பற்றாக்குறை. இது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இச்சொற்களுக்கு இடையே உள்ள வேற்றுமையில் ஒரு காலத்தில் இலட்சக்கணக்கான உயிர்கள் தொங்கின. அதனாலேயே இது கவிஞர்கள் கூடிய அவையில் பேசத்தக்க பொருளாகிறது.

ஆங்கிலச் சொற்களின் உட்பொருள்

'டியர்த்' என்ற சொல் 'டியர்' என்பதிலிருந்து பிறந்தது. 'டியர்' என்றால் அன்பானது, விலை மிக்கது என்னும் இரு பொருளும் உண்டு. ஆகவே 'டியர்த்' என்பது முதலில் விலையேற்றக் காலத்தைக் குறித்தது. கடையில் தானியம் இருக்கும். வாங்கக் கையில் காசு இராது. தமிழிலும் இதற்கு ஓர் இணை உண்டு. அரசு ஊழியர்க்கு விலையேற்றத்தை ஈடுசெய்யத் தரப்படும் தொகையை இன்று 'அகவிலைப்படி' என்கிறோம். முன்னாளில் அதன் பெயர் 'பஞ்சப்படி'. விலையேற்றத்தையும் பஞ்சத்தையும் ஒன்றாகக் கண்ட பார்வை இரு மொழிகளிலும் இருந்திருக்கிறது.

'ஃபேமின்' இலத்தீன் மொழியில் பசியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. விலை, விளைச்சல் ஆகியவற்றைத் தாண்டி இது வயிற்றைச் சுட்டும் சொல். 'ஸ்கேர்சிட்டி' என்பதன் வேர் பறித்தெடுத்தல் என்ற பொருளுடையது. ஒரு பொருள் எங்கும் இல்லை என்று அது சொல்வதில்லை. அரிதாக இருக்கிறது என்றே சொல்கிறது. 'ஷார்ட்டேஜ்' இவற்றுள் இளையது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வணிக வழக்கில் தோன்றிய கணக்கர் சொல் அது. நூறு மூட்டை வரவேண்டிய இடத்தில் தொண்ணூறு வந்தால் பத்து மூட்டை 'ஷார்ட்டேஜ்'. இங்கே ஓர் எதிர்பார்ப்பும் ஓர் அளவும் முன்னரே உண்டு.

'இன்சஃபிசியன்சி' போதாமை. பொருள் கையில் இருக்கிறது. ஆனால் எந்த நோக்கத்திற்கு வேண்டியதோ அதை நிறைவேற்ற மாட்டாது. எதற்குப் போதவில்லை என்ற வினா இச்சொல்லோடு ஒட்டியே வரும். 'வாண்ட்' எல்லாவற்றினும் வியப்பானது. இல்லாமை, வேட்கை என்னும் இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. இல்லாதவன் விரும்புகிறான், விரும்புகிறவன் இல்லாதவனாகிறான்.

இவற்றை ஒரு குடும்பத்தின் உணவோடு பொருத்திப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். சந்தையில் கம்பு அருகிவிட்டது என்பது 'ஸ்கேர்சிட்டி'. கம்பின் விலை இருமடங்காயிற்று என்பது 'டியர்த்'. மாதத்திற்கு நான்கு மரக்கால் வேண்டிய வீட்டிற்கு மூன்றே வந்தது என்பது 'ஷார்ட்டேஜ்'. வந்த மூன்றும் உழைக்கும் உடலைத் தாங்கவில்லை என்பது 'இன்சஃபிசியன்சி'. ஊர் முழுவதும் உலை ஏறாமல் மக்கள் சாலையில் நடக்கத் தொடங்கினார்கள் என்பது 'ஃபேமின்'. நிகழ்வுகள் ஒன்றையொன்று தொடரலாம். ஆயினும் ஒன்று மற்றொன்று ஆகாது.

தமிழின் செல்வம்

தமிழில் இத்தகைய வேறுபாடுகள் இல்லையோ என்று ஐயுற வேண்டுவதில்லை. வறு என்னும் ஒரே வேரிலிருந்து வறள், வறட்சி, வறுமை, வற்கடம் ஆகிய சொற்கள் கிளைத்தன. நிலம் காய்ந்தால் வறட்சி. குடும்பம் காய்ந்தால் வறுமை. நாடு காய்ந்தால் வற்கடம். நீர் வற்றுதலே எல்லா இல்லாமைக்கும் தாய் என்று கண்ட உழவர் சமுதாயத்தின் அறிவு இச்சொற்களில் தங்கியிருக்கிறது.

திருக்குறளின் அதிகார வைப்பும் இங்கு எண்ணத்தக்கது. 104ஆம் அதிகாரம் உழவு, அதனை அடுத்து நல்குரவு, பின்னர் இரவு, பின்னர் இரவச்சம். உழவு தளர்ந்தால் வறுமை, வறுமை முற்றினால் இரத்தல், இரத்தலில் மானம் அஞ்சுதல் என்று காரண காரியமாக அந்நான்கும் தொடர்வதைக் காணலாம். இல்லாமை ஒரு நிலை அன்று, படிப்படியாக இறங்கும் வழி என்பதை அவ்வைப்பே உணர்த்துகிறது.

அருமை என்ற சொல்லும் கருதத்தக்கது. அரிது என்பது கிடைத்தற்கு அரியது, செய்தற்கு அரியது, போற்றற்கு உரியது என்று மூவகைப் பொருள் தரும். ஆங்கிலத்தின் 'டியர்' போலவே அன்பும் அருகலும் இதில் கைகோத்து நிற்கின்றன. தட்டுப்பாடு என்பதில் தடை என்னும் குறிப்பு உண்டு. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு என்றால் உலகில் மண்ணெண்ணெய் இல்லை என்பது பொருளன்று. வரும் வழியில் எங்கோ தட்டிற்று என்பது பொருள். கிராக்கி சந்தையின் சொல். பலர் விரும்பிச் சிலவே கிடைக்கும்போது அது எழும்.

பெயர்ச்சொற்களைக் காட்டிலும் வினைச்சொற்களில் தமிழ் மேலும் நுட்பமானது. இல்லை, போதாது, பற்றாது, எட்டாது, கிடைக்காது, கட்டுபடியாகாது ஆகிய ஆறையும் பேச்சு வழக்கில் எவரும் குழப்புவதில்லை. தென் மாவட்டங்களில் 'காணாது' என்றால் போதாது என்று பொருள். ஈழத் தமிழிலும் 'காணும்' என்பது போதும் என்பதைக் குறிக்கும். சோற்றைக் கண்ணால் கண்டும் 'காணாது' என்கிறாள் கரிசல் தாய். உலையில் உள்ளது கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளைகளின் வயிற்றுக்குத் தெரியவில்லை. 'இன்சஃபிசியன்சி' என்ற நீண்ட இலத்தீன் சொல் சொல்லவந்ததை இம்மூன்றெழுத்துச் சொல் சொல்லிவிடுகிறது. கி. ராஜநாராயணன் 1982இல் வெளிக்கொணர்ந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இத்தகைய சொற்களுக்கு எழுத்துலகில் இடம் தேடித்தந்த முன்னோடி முயற்சி என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

தாது ஆண்டில் ஒரு ராத்தல்

சொல் வேற்றுமை உயிர் வேற்றுமையான கதை தாது ஆண்டில் நிகழ்ந்தது. 1876ஆம் ஆண்டு பருவமழைகள் பொய்த்தன. 1878 வரை நீடித்த அக்கொடுமையைத் தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் குறிப்பிடுகின்றனர். சாத்தூர், சிவகாசி வட்டாரங்கள் அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன; 1910இல்தான் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தது.

1877 சனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசு பஞ்சப் பகுதிகளுக்கு அனுப்பிவைத்தது. இவர் 1873–74இல் பீகாரில் விளைச்சல் பொய்த்தபோது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து மக்களைக் காத்தவர். அப்போது இறந்தோர் மிகச் சிலரே. ஆனால் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற கண்டனம் அவர்மேல் எழுந்தது. அதனாலோ என்னவோ, தெற்கே வந்தபோது அவர் சிக்கனத்தின் தூதராக வந்தார். நிவாரண வேலையில் நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று அறிவித்தார். ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு.

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் இதனை எதிர்த்தார். கடும் உழைப்புச் செய்யும் உடலுக்கு ஒன்றரை ராத்தல் தானியமும் காய்கறியும் பருப்பும் இன்றியமையாதவை என்பது அவர் கருத்து. டெம்பிள் தானியம் கொடுத்தார். ஆகவே அவர் பார்வையில் அங்கே இன்மை இல்லை. கார்னிஷ் அந்தத் தானியம் எதற்குப் போதும் என்று கேட்டார். ஆகவே அவர் பார்வையில் அங்கே போதாமை இருந்தது. ஒருவர் கையை நோக்கினார். மற்றவர் உடலை நோக்கினார். 1877 மார்ச்சில் சென்னை அரசு அளவை ஒன்றேகால் ராத்தலாக உயர்த்திச் சிறிது பருப்பும் சேர்த்தது. அந்தக் கால் ராத்தல் ஒரு சொல்லின் வெற்றி. எனினும் காலம் கடந்திருந்தது. 1871ஆம் ஆண்டுக் கணக்கைவிட 1881ஆம் ஆண்டுக் கணக்கில் சென்னை மாகாண மக்கள்தொகை குறைந்து நின்றது. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிச் சென்றுகொண்டுதான் இருந்தது என்பதையும் மறத்தற்கில்லை.

சட்டத்தில் ஏறிய சொற்கள்

இப்பேரழிவுக்குப் பின் சர் ரிச்சர்டு ஸ்டிராச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. அதன் வழியே 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. அவ்விதிமுறைகள் துயரைப் படிகளாகப் பகுத்தன. விளைச்சல் தொடர்ந்து பொய்த்து மக்கள் அல்லலுற்றால் அது 'ஸ்கேர்சிட்டி'. விலை வெகுவாக ஏறி, மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, சாவு பெருகினால் அது 'ஃபேமின்'. முதல் சொல்லுக்குச் சிறிய உதவி. இரண்டாம் சொல்லுக்குப் பெரிய உதவி. அரசின் கருவூலத்தைத் திறக்கும் சாவி ஒரு சொல்லாக மாறியது.

இதில் ஒரு கொடுமை பொதிந்திருந்தது. மக்கள் சாகத் தொடங்கினால்தான் அச்சொல்லுக்குத் தகுதி பெறுவர். 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தபோதும் மாகாண அரசு விதித்தொகுப்பின்படி பஞ்சம் என்று அறிவிக்கவேயில்லை. அறிவித்தால் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்கத் தானியம் இல்லை என்பது அரசின் நிலை. 1945இல் வெளியான விசாரணை ஆணைய அறிக்கை ஏறத்தாழ 15 இலட்சம் பேர் மாண்டதாகக் கணித்தது. பின்வந்த அறிஞர் அமர்த்தியா சென் அத்தொகை ஏறத்தாழ 30 இலட்சம் என்றார்.

சென் 1981இல் வெளியிட்ட வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூல் இச்சொல்லாராய்ச்சிக்குப் பெரிதும் துணைசெய்வது. நாட்டில் உணவு இல்லாமை வேறு, மனிதன் கைக்கு உணவு எட்டாமை வேறு என்பதே அந்நூலின் உட்கிடை. வங்காளத்தில் உணவு பெரிதும் குறைந்துவிடவில்லை. நிலமற்ற கூலிகளும் மீனவரும் கைவினைஞரும் அதனை வாங்கும் ஆற்றலை இழந்தனர் என்று அவர் காட்டினார். தமிழ் வினைகளில் சொன்னால், 'இல்லை' என்ற இடத்தில் அவர் 'எட்டவில்லை' என்று திருத்தினார். அத்திருத்தம் பொருளியலின் போக்கையே மாற்றியது.

விடுதலைக்குப் பின்னும் சொற்போர் ஓயவில்லை. மராட்டிய மாநிலம் 1963இல் ஒரு விந்தையான சட்டம் இயற்றியது. மாநிலச் சட்டங்கள் அனைத்திலும் 'ஃபேமின்' என்ற சொல்லை நீக்கி 'ஸ்கேர்சிட்டி' என்று எழுதுவதே அதன் நோக்கம். நிவாரண ஏற்பாடுகள் செம்மையாக உள்ளமையால் இனிப் பஞ்சம் வர வாய்ப்பில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒன்பது ஆண்டுகளில், 1972இல், அம்மாநிலத்தைக் கடும் வறட்சி வாட்டியது. சட்டப் புத்தகத்தில் பஞ்சத்திற்குச் சொல்லில்லை. சாலை வேலைத் தளங்களில் கல்லுடைக்கும் மக்களுக்குக் கணக்கில்லை. அம்மக்களின் பட்டறிவிலிருந்தே வேலை உறுதிச் சட்டம் 1977இல் அம்மாநிலத்தில் பிறந்தது. சொல்லை நீக்கியவர்களால் நிகழ்வை நீக்க இயலவில்லை. நிகழ்வைப் பார்த்தவர்களே வழி கண்டனர்.

வெளிநாட்டிலும் நிலைமை இதுவே. 2004 முதல் பன்னாட்டு அமைப்புகள் பசியை ஐந்து படிகளாக அளக்கின்றன. ஐந்தாம் படியே 'ஃபேமின்'. நாளொன்றுக்குப் பதினாயிரவரில் இருவர் சாகவேண்டும் என்பது அப்படியின் அளவுகோல்களுள் ஒன்று. சோமாலியாவில் 2011 சூலையில் அச்சொல் அறிவிக்கப்பட்டது. அப்பஞ்சத்தில் மாண்ட ஏறத்தாழ 2,60,000 பேரில் பாதிப்பேர் அறிவிப்புக்கு முன்னரே மாண்டுவிட்டனர் என்று பின்னர் ஆய்வு காட்டியது. சரியான சொல் வந்தது. கேட்கவேண்டியவர்களில் பாதிப்பேர் இல்லை.

தாயில்பட்டியின் பாடம்

இனி இவ்விழா நிகழும் ஊருக்கு வருதல் தகும். தாயில்பட்டியையும் சிவகாசியையும் உள்ளடக்கிய இவ்வட்டாரத்தில் ஒரே வறட்சிக்கு இரு பெயர் உண்டு. உழவனுக்கு அது கேடு. தீப்பெட்டித் தொழிலுக்கு அதுவே மூலதனம். பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டு, 1923இல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினர். ஈரமற்ற காற்றும் நீண்ட வெயிலும் குச்சியும் மருந்தும் உலரத் துணைநின்றன. மானாவாரி நிலம் கைவிட்ட கைகள் வேலைக்குக் கிடைத்தன. பின்னர் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. மழை அருகிய மண் தொழில் பெருகிய மண்ணாயிற்று. ஆகவே வறட்சியை வறுமை என்று மொழிபெயர்ப்பவர் இவ்வட்டாரத்தின் நூறாண்டு வரலாற்றைத் தவறவிடுகிறார். வேர் ஒன்றாயினும் அவை இரு சொற்கள்.

அதே தொழிலுக்குள்ளும் சொற்கள் மாறுகின்றன. தீபாவளி நெருங்கும்போது ஆலை வாயிலில் 'ஆள் பற்றாக்குறை' என்பர். தீபாவளி முடிந்து ஆலை ஓய்ந்திருக்கும் நாட்களில் அதே தெருவில் 'வேலை இல்லை' என்பர். முதல் சொல் கணக்கர் சொல். அதற்கு ஓர் அளவு உண்டு. இரண்டாவது உலைச் சொல். அதற்கு அளவு இல்லை. 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பின்னர், ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. அந்நாட்களைப் பற்றாக்குறைக் காலம் என்று எழுதும் கவிஞர் உண்மையில் பாதியைத்தான் எழுதியவராவார். கடையில் அரிசி இருந்தது. நியாயவிலைக் கடையிலும் இருந்தது. ஆயினும் பிள்ளையின் கல்விக் கட்டணமும் வாங்கிய கடனுக்கு வட்டியும் எட்டாமல் நின்றன. அதற்குச் சரியான சொல் 'எட்டாமை'. பஞ்சம் என்றால் மிகை. பற்றாக்குறை என்றால் குறை.

பட்டாசு அறைக்குள் போதாமை வேறு வடிவில் அமைகிறது. ஓர் அறையில் இத்தனை பேர்தாம் அமரலாம் என்று விதி வரையறுக்கிறது. இடம் இல்லை என்று எவரும் சொல்வதில்லை; சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது. ஓடித் தப்ப வேண்டிய ஒரு நொடியில்தான் அவ்விடம் போதாது என்று தெரியவரும். எதற்குப் போதும் என்ற கார்னிஷின் கேள்வியை அறைக்கு அறை முன்கூட்டியே கேட்பவரே அங்கு உயிர் காப்பவர்.

கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகம் 1981இல் திரைப்படமாகவும் வந்தது. அத்திப்பட்டி என்ற கரிசல் சிற்றூரின் தாகத்தை நாடெங்கும் அறியச் செய்தது அது. அப்படைப்பின் வலிமை, தண்ணீர் இல்லை என்பதோடு நில்லாமல், அது ஏன் வந்து சேரவில்லை என்று கேட்டதில் உள்ளது. இன்மையைப் பாடுவோர் பலர். தட்டுப்பாட்டைத் தட்டிக் கேட்போர் சிலர்.

பொருளின் பஞ்சம்

நிறைவாக, கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க பழங்கதை ஒன்று. பாண்டிநாட்டில் பன்னீராண்டு வற்கடம் வந்ததாக இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. புலவரைப் புரக்க இயலாத பாண்டியன், நீங்கள் வேண்டிய இடம் சென்று பிழைத்து, நாடு நாடான பின் வருக என்று அவர்களைப் போக்கினான். மழை பெய்து நாடு செழித்தபின் அழைத்து வரச்செய்தான். எழுத்து அறிந்தோரும் சொல் அறிந்தோரும் யாப்பு அறிந்தோரும் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லார் ஒருவரும் கிடைக்கவில்லை. பொருள் பெறாவிடின் எழுத்தையும் சொல்லையும் பெற்று என்ன பயன் என்று மன்னன் கவன்றதாக அவ்வுரை சொல்லும்.

கதை எவ்வளவு வரலாறு என்பது வேறு வினா. அதன் அறிவுரை தெளிவு. நிலத்தின் வற்கடம் மழையால் தீர்ந்தது. மொழியின் வற்கடம் மழையால் தீரவில்லை. எழுத்தும் சொல்லும் மிகுந்து, பொருள் மட்டும் அருகிய நிலையே கவிதைக்கு நேரும் பஞ்சம். பல சொற்கள் இருந்த இடத்தில் 'பற்றாக்குறை' ஒன்றே எஞ்சும்போது அப்பஞ்சம் தொடங்கிவிட்டது என்க.

பத்தாண்டுகள் நிறைந்த இவ்வட்டத்திற்கு அதனால் ஒரு பணி காத்திருக்கிறது. காணாது, பற்றாது, எட்டாது, கட்டுபடியாகாது என்று இவ்வூர்த் தாய்மாரும் உழவரும் தொழிலாளரும் நாள்தோறும் பிரித்துப் பேசும் சொற்களைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். எச்சொல் எந்நேரத்தில், யார் வாயில், எதைக் குறித்து வருகிறது என்று குறித்தல் வேண்டும். கால் ராத்தல் தானியத்தைப் பெற்றுத்தந்த சொல் ஒன்று உண்டு. அது காலம் தாழ்ந்து வந்தமையால் மக்களை இழந்த வரலாறும் உண்டு. அடுத்த பத்தாண்டு மலர் வெளிவரும்போது அச்சொற்கள் அதில் தொகுக்கப்பெற்றிருப்பின், இவ்வட்டத்தின் நிறைவு உண்மையான நிறைவாகும்.

வாழ்க தமிழ்! வளர்க இவ்வட்டம்!